ஷிஃப்ட் வேலையில் ஜெபம் நின்றுபோனது. தேவனோடு மறுபடி நெருங்குவது எப்படி?

மாந்தோப்புக்காரன் | காவேரிப்பட்டணம் பக்கம் | ஞாயிறு, இரவு 11.20

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பல மாதமாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது 34. ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். ஏ ஷிஃப்ட் என்றால் காலை 6 மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும், கம்பெனி பஸ் எங்கள் ஊர் ரோட்டுக்கு 4.20க்கே வந்துவிடும். பி ஷிஃப்ட் முடிந்து வீடு சேர நள்ளிரவு ஆகும். சி ஷிஃப்ட் வாரத்தில் காலை எட்டு மணிக்குப் படுத்தால் மதியம் 2 மணிக்குத்தான் கண் திறக்கும்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கு ஒரு பழக்கம். காலை 5 மணிக்கு எங்கள் மாந்தோப்புக்குப் போய், கிணற்று மேட்டில் உட்கார்ந்து ஒரு அதிகாரம் வாசிப்பேன். அப்புறம் அரை மணி நேரம் ஜெபம். தை, மாசியில் பூ விட்டிருக்கும்போது தோப்பு முழுக்க ஒரு வாசம் இருக்கும். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருக்கும். இப்போது அது இல்லை. அந்தப் பக்கம் போவதும் இல்லை. பஸ்ஸில் ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினால் குருபரப்பள்ளி தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறேன். ஞாயிறு ஆராதனையில் வாய் பாடுகிறது, கை தட்டுகிறது, உள்ளே ஒன்றும் அசையவில்லை.

விசுவாசம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆண்டவர் இருக்கிறார் என்று தெரியும். ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருக்கிற இரண்டு பேர்போல இருக்கிறோம். ஷிஃப்டில் இருக்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

---

இரவுப்பணி நர்ஸ் | தருமபுரி | திங்கள், காலை 8.05

இப்போதுதான் நைட் முடித்து வந்தேன் அண்ணா. உங்கள் பதிவைப் பார்த்ததும் படுக்கத் தோன்றவில்லை.

நானும் முதல் இரண்டு வருடம் இப்படித்தான் அழுதேன். "அதிகாலையில் தேவனைத் தேடு" என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். அதிகாலையில் நான் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போது எங்கள் வார்டில் இருந்த மூத்த சிஸ்டர் ஒருவர் எனக்கு 134ஆம் சங்கீதத்தைக் காட்டினார். மூன்றே வசனம். "இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் கர்த்தரின் ஊழியக்காரரே" என்று ஆரம்பிக்கிறது. ஆலயத்தில் இரவு டியூட்டி பார்த்தவர்களுக்கென்றே வேதத்தில் ஒரு பாட்டு இருக்கிறது! லூக்கா 2ல் மேய்ப்பர்களும் ராத்திரிக் காவலில்தான் இருந்தார்கள். இயேசு பிறந்த செய்தி முதலில் வந்தது நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு.

நான் செய்வது இதுதான். ஒரு நோயாளியிடமிருந்து அடுத்த நோயாளியிடம் போகும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், எப்படியும் முக்கால் நிமிடம் ஆகும். அந்த முக்கால் நிமிடம் அடுத்து பார்க்கப்போகிற ஆளுக்கு. பெயர் சொல்லி, "ஆண்டவரே, இவருக்கு வலி குறையட்டும், என் கை பதறாமல் இருக்கட்டும்." அவ்வளவுதான். ஒரு ராத்திரியில் முப்பது, நாற்பது தடவை கழுவுகிறேன்.

---

அதிகாலைத் துதி | ஓசூர் | திங்கள், காலை 9.40

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பிரதர், சிஸ்டர், இரண்டு பேரும் நான் சொல்வதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நின்றுகொண்டே, நடந்துகொண்டே செய்கிற ஜெபம் நல்லதுதான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. மாற்கு 1:35ல் இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார். அவருக்கே தனியாகப் போக வேண்டியிருந்தது.

நான் 22 வருடமாக 4 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்கிறவன். பெருமைக்குச் சொல்லவில்லை. அதற்கு முன் நான் குடிகாரன். என் மனைவி தாலிக்கொடியை அடகுக் கடையில் வைத்தவன். குடியை விட்ட முதல் வருடம் அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் அன்று மாலையே கடை வாசலில் நின்றிருப்பேன். எனக்கு அது கயிறு. அதனால்தான் "நேரமில்லை, சின்னதாக ஜெபித்தால் போதும்" என்று யாராவது சொன்னால் பயம் வருகிறது.

---

எலத்தகிரியான் | எலத்தகிரி | திங்கள், மாலை 6.30

இயேசுவுக்கே புகழ். நான் கத்தோலிக்கன். இங்கே பெரும்பாலும் "ஜெபம்" என்று எழுதுகிறீர்கள், நாங்கள் "செபம்" என்போம். கேட்கிறவர் ஒருவர்தான்.

அதிகாலைத் துதி ஐயா சொன்ன கயிறு எனக்குப் புரிகிறது. அதை விடவே கூடாது ஐயா. ஆனால் தம்பி கேட்பது வேறு. அவர் நாளில் 4 மணி என்பதே வாரத்துக்கு வாரம் இடம் மாறுகிறது. ஏ ஷிஃப்டில் அது பஸ் நேரம், பி ஷிஃப்டில் பாதித் தூக்கம், சி ஷிஃப்டில் மெஷின் முன்னால் நிற்கும் நேரம். நீங்கள் காட்டிய அதே அதிகாரத்தில் இரண்டு வசனம் மேலே பாருங்கள். முந்தின நாள் சாயங்காலம் ஊரே வாசலில் கூடியிருக்கிறது. அவ்வளவு கூட்டத்துக்குப் பிறகு கிடைத்த ஒரே தனிமை அந்த இருட்டு நேரம். அவர் பிடித்துக்கொண்டது அந்தத் தனிமையைத்தான் என்று எனக்குத் தோன்றும். மாற்கு 4ல் அவரே படகில் தலையணை வைத்துத் தூங்குகிறார்.

எங்கள் வீட்டில் மூவேளை செபம் உண்டு. காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு. மணி அடித்தால் அப்பா களத்தில் செய்கிற வேலையை அப்படியே நிறுத்துவார். தலைத்துண்டை எடுத்துத் தோளில் போடுவார். இரண்டு நிமிடம். அப்புறம் மறுபடி வேலை. சின்ன வயதில் அதை நான் பெரிதாக நினைத்ததில்லை. இப்போது யோசித்தால், அப்பா சாமியை நாளில் மூன்று தடவை நேருக்கு நேர் பார்த்திருக்கிறார். சண்டையோ கடனோ எதுவானாலும் பகலில் ஆறு மணி நேரத்துக்கு மேல் அவரிடம் சொல்லாமல் வைத்திருக்க முடிந்திருக்காது.

இன்னொன்று. 5ஆம் நூற்றாண்டுத் துறவி யோவான் கசியான் இடைவிடாத செபத்துக்கு ஒரே ஒரு வரியைச் சொல்லிக்கொடுத்தார். சங்கீதம் 70ன் முதல் வசனம். உங்கள் பழைய மொழிபெயர்ப்பில் "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." பசிக்கும்போது, கோபம் வரும்போது, தூக்கம் வராதபோது, மனம் அலையும்போது, எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வரி. பஸ்ஸில் தூங்கிவிடுகிறேன் என்றீர்களே, அந்த வரியைச் சொல்லிக்கொண்டே தூங்குங்கள். தப்பே இல்லை.

---

தக்காளி மண்டி | ராயக்கோட்டை | திங்கள், இரவு 9.15

நான் அதிகம் படித்தவன் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு தடவை தக்காளி விலை விழுந்து, பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாமல், ஏற்றிப்போன பெட்டி அத்தனையையும் ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தேன். அன்று ராத்திரி ஆண்டவரிடம் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. அவ்வளவு கோபம். மறுநாள் பயந்துபோய்ப் போதகரிடம் சொன்னேன். அவர் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தைத் திறந்து கொடுத்தார். "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்" என்கிற வசனம் எங்கள் வீட்டுக் காலண்டரிலேயே தொங்குகிறது. அது மூன்றாம் அதிகாரம். முதல் அதிகாரம் எப்படி ஆரம்பிக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். "கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே" என்று சண்டை போடுகிறார். சண்டை போட்டவர்தான் கடைசியில் பாடுகிறார்.

தம்பி, பேசாமல் இருக்கிறோம் என்றீர்கள். கோபத்தையாவது பேசுங்கள்.

---

ஒற்றையறை | பாலக்கோடு | செவ்வாய், மதியம் 2.50

எல்லாரும் சொல்வதை வாசித்தேன். எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும்.

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று இயேசு சொன்னார். எங்கள் வீடே ஒரே அறைதான். மாமியார் பக்கவாதம் வந்து மூன்று வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள், கணவர், நான். பூட்டுவதற்கு ஒரே ஒரு கதவு, அது தெருக்கதவு. குளியலறை வீட்டுக்கு வெளியே. ராத்திரி மாமியாரைத் திருப்பிப் படுக்க வைக்க மூன்று தடவை எழுகிறேன். படுக்கைப்புண் வந்துவிடக் கூடாதே. இதில் நான் எங்கே போய் ஜெபிப்பேன்? பெண்கள் ஐக்கியத்தில் "தினமும் ஒரு மணி நேரம் தேவ சமூகத்தில் இருக்கிறீர்களா?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

---

ஓய்வுபெற்ற டீச்சர் | கிருஷ்ணகிரி | செவ்வாய், மாலை 5.10

பாலக்கோட்டு மகளே, தலையைக் குனியாதேயம்மா.

நான் லுத்தரன் குடும்பம். அமெரிக்காவிலிருந்து வந்த மிசூரி லுத்தரன் மிஷன் 1895ல் தொடங்கியது எங்கள் கிருஷ்ணகிரியில்தான். என் பாட்டிக்கு எழுத்து தெரியாது, ஆனால் மார்ட்டின் லுத்தர் கேள்வி பதிலாக எழுதிய சிறிய ஞானோபதேசம் முழுக்க மனப்பாடம். அது 1529ல் வந்தது. வீட்டுத் தலைவர்கள் தங்கள் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. அதில் காலை ஜெபமும் இரவு ஜெபமும் இருக்கின்றன. எவ்வளவு சின்னது தெரியுமா? விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், அப்புறம் நாலைந்து வரி. முடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்றும் லுத்தர் சொல்கிறார். காலையில், சந்தோஷமாக உன் வேலைக்குப் போ. இரவில், உடனே நிம்மதியாகத் தூங்கு. ஜெபித்தவனைத் தூங்கச் சொன்ன இடத்தை என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. இப்போது வயதான பிறகு அது எவ்வளவு இரக்கமான வார்த்தை என்று தெரிகிறது.

பாட்டி களி கிண்டும்போதுதான் ஜெபிப்பார். கேழ்வரகு மாவைக் கொட்டிய பிறகு துடுப்பை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கட்டி தட்டிவிடும். அடுப்புப் புகை, வியர்வை, அந்தக் கை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், வாய் ஒவ்வொரு பிள்ளையின் பெயராகச் சொல்லும். கடைசிப் பெயர் வரும்போது களி வெந்திருக்கும். அந்த வீட்டிலும் தனி அறை கிடையாது. நீ மாமியாரைத் திருப்பிப் படுக்க வைக்க எழுகிறாயே, அந்த மூன்று தடவையும் வியாதியாயிருந்த தம்மையே விசாரித்ததாக மத்தேயு 25ல் இயேசு சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலையே ஜெபம் என்று சொல்லி உன்மேல் இன்னும் சுமையை ஏற்றவும் நான் விரும்பவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரமாவது உன் வீட்டுக்காரர் தன் தாயைப் பார்த்துக்கொள்ளட்டும். நீ போய் ஆலயத்திலோ வேப்பமரத்தடியிலோ சும்மா உட்கார். கேட்பதற்குக் கூச்சப்படாதே.

அப்புறம் மாந்தோப்புத் தம்பிக்கு ஒரு கேள்வி. 33 வருடம் கட்டுரை திருத்தியவள் நான், பிள்ளைகள் எதை எழுதாமல் விட்டார்கள் என்று பார்ப்பதுதான் எனக்குப் பழக்கம். "அந்தப் பக்கம் போவதும் இல்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பி ஷிஃப்ட் வாரத்தில் காலை முழுக்க வீட்டில்தானே இருப்பீர்கள்? கிணற்று மேட்டுக்கு ஏன் போவதில்லை?

---

பட்டுக்கூடு | பென்னாகரம் பக்கம் | புதன், காலை 6.20

டீச்சர் கேட்டதற்குத் தம்பி பதில் சொல்லட்டும். "உள்ளே ஒன்றும் அசையவில்லை" என்று எழுதியதற்கு மட்டும் நான் ஒன்று சொல்லலாமா?

நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறோம். புழு கூடு கட்டும் முன் நான்கு தடவை தோல் உரிக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள்போல இலையைத் தொடாது. தலையைத் தூக்கிக்கொண்டு அப்படியே கிடக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்று பதறுவார்கள். நான் முதல் பேட்சில் அப்படிப் பதறி மேலும் மேலும் மல்பெரி இலையைக் கொட்டினேன். இலை ஈரம் பிடித்து, படுக்கை நாறி, கொஞ்சம் புழு நோய் கண்டு போய்விட்டது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியதெல்லாம் சுண்ணாம்புத் தூளைத் தூவிப் படுக்கையை உலர்வாக வைத்துவிட்டு, காற்றோட்டம் பார்த்து, தொடாமல் காத்திருப்பதுதான். நாலாவது தோலையும் உரித்துவிட்டு எழுந்ததென்றால் பசி என்றால் பசி, மொத்த இலையில் எண்பது சதவீதத்துக்கு மேல் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் தின்னும்.

எனக்கே ஒரு வருடம் அப்படி இருந்தது, தகப்பனார் இறந்த பிறகு. ஜெபம் கூட்டினேன், உபவாசம் கூட்டினேன், கூட்டம் கூட்டமாகப் போனேன். இலை கொட்டியதுபோலத்தான் ஆனது. அப்புறம் ஒரு சங்கீதம், ஒரு பரமண்டல ஜெபம் என்று குறைத்துக்கொண்டு, வருகிறபோது வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது. எந்த நாளில் என்று சொல்லத் தெரியவில்லை.

---

அதிகாலைத் துதி | ஓசூர் | புதன், காலை 7.00

பட்டுக்கூடு பிரதர், யோசிக்க வைக்கிறீர்கள். எல்லா வறட்சியும் தோலுரிப்பு ஆகிவிடாது என்பதையும் பார்க்க வேண்டும். சிலது நிஜமாகவே நோய். எது எது என்று எப்படித் தெரியும்?

---

பட்டுக்கூடு | பென்னாகரம் பக்கம் | புதன், காலை 7.25

நல்ல கேள்வி பிரதர். புழுவில் எனக்குத் தெரியும். தோல் உரிக்கிற புழு தலையைத் தூக்கி நிமிர்ந்திருக்கும். நோய் கண்ட புழு தளர்ந்து தொங்கும், ஓரத்துக்குப் போய் ஒதுங்கும். மனுஷனில் எனக்கு ஒரு அடையாளம்தான் தெரியும். ஜெபம் வராவிட்டாலும் பக்கத்தில் இருக்கிறவர்களோடு பழக முடிகிறதா, இல்லை அவர்களிடமிருந்தும் ஒதுங்குகிறோமா?

---

இரவுப்பணி நர்ஸ் | தருமபுரி | புதன், இரவு 7.45

டியூட்டிக்குக் கிளம்புகிறேன். பாலக்கோடு அக்கா, படுக்கைப்புண்ணுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பினால் நல்லது. ராத்திரி முழுக்க உங்களால் தனியாக முடியாது. காற்று மெத்தை வாடகைக்குக் கிடைக்கும், விசாரியுங்கள். குதிகாலுக்கும் இடுப்புக்கும் சிவப்புத் தடிப்பு இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். நீங்கள் தூங்க வேண்டும். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாக வேண்டும் என்று படுத்தபோது தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான், அவன் தின்று மறுபடி தூங்கினான், இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். 1 இராஜாக்கள் 19. எனக்கு ரொம்பப் பிடித்த நர்சிங் அது.

---

மாந்தோப்புக்காரன் | காவேரிப்பட்டணம் பக்கம் | சனி, இரவு 12.30

நாலு நாளாக டீச்சர் கேள்வியை வைத்துக்கொண்டு சுற்றினேன். "ஷிஃப்டினால்தான்" என்று மூன்று தடவை பதில் தட்டி அழித்துவிட்டேன். பட்டுக்கூடு அண்ணன் எழுதிய "ஓரத்துக்குப் போய் ஒதுங்கும்" என்பதை வாசித்த பிறகு அதை எழுதக் கை வரவில்லை.

ஷிஃப்ட் எனக்கு ஆறு வருடமாக இருக்கிறது. கிணற்று மேட்டுக்குப் போகாமல் ஒன்றரை வருடம். முதல் நாலரை வருடம் ஷிஃப்டோடுதான் ஜெபித்திருக்கிறேன். பி ஷிஃப்ட் வாரத்தில் 9 மணிக்கு, சி ஷிஃப்ட் வாரத்தில் சாயங்காலம். இது எனக்கே மறந்துபோயிருந்தது.

அப்பா இறந்ததும் தோப்பைப் பிரித்தோம். கிணறும் மோட்டாரும் அண்ணன் பங்கில் விழுந்தது. தண்ணீர் பொது என்று பேச்சு. காய் பிடித்து தண்ணீர் தேவைப்பட்ட நேரத்தில் அண்ணன் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். என் பங்கில் 14 செந்தூரா மரம் பிஞ்சு உதிர்ந்து நின்றன. தெருவில் வைத்துப் பேசக் கூடாததைப் பேசினேன். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஒரே வீட்டில் பேசாமல் இருக்கிற இரண்டு பேர் என்று நான் ஆண்டவரைப் பற்றி எழுதினேனே, அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

ஆனால் தப்பு அண்ணன் பக்கம். பூட்டுப் போட்டது அவர்.

---

ஓய்வுபெற்ற டீச்சர் | கிருஷ்ணகிரி | சனி, காலை 6.45

எழுதியதற்கு நன்றி தம்பி. இது சுலபம் இல்லை என்று தெரியும்.

மத்தேயு 5:23ஐ எடுத்து நிதானமாக வாசியுங்கள். பலிபீடத்தில் காணிக்கையோடு நிற்கிறவன் நினைத்துப் பார்க்க வேண்டியது எது? "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" இருக்கிறது. அவன்பேரில் உனக்கு உள்ள குறையை அங்கே கேட்கவே இல்லை. பூட்டு உங்கள் குறை. அண்ணனுக்கு உங்கள்பேரில் என்ன குறை?

---

எலத்தகிரியான் | எலத்தகிரி | சனி, காலை 10.20

கிணற்றுச் சண்டை வேதத்திலேயே இருக்கிறது தம்பி. ஆதியாகமம் 26. ஈசாக்கின் ஆட்கள் தோண்டிய கிணற்றுக்கு மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அதற்கு ஏசேக்கு என்று பெயர். அடுத்ததற்கும் சண்டை, சித்னா. தள்ளிப்போய் மூன்றாவது தோண்டினார், ரெகொபோத். விட்டுக்கொடுத்தார் என்று எல்லாரும் பிரசங்கிப்பார்கள். ஆனால் அந்த ஊர் ராஜா அபிமெலேக்கு தன் ஆட்களோடு பிறகு தேடி வந்தபோது ஈசாக்கு மனத்தாங்கலை மூடி மறைக்கவில்லை. "நீங்கள் என்னைப் பகைத்துத் துரத்திவிட்டீர்களே, ஏன் வந்தீர்கள்?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுத்தான் விருந்து வைத்தார். அன்றைக்கே அவர் வேலைக்காரர் வந்து தண்ணீர் கண்டோம் என்று சொல்கிறார்கள்.

போய் எல்லாவற்றையும் விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீர் உங்களுக்கும் பங்கு. பேசுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

---

தக்காளி மண்டி | ராயக்கோட்டை | சனி, மதியம் 1.05

பிஞ்சு உதிர்ந்தால் வயிறு எரியத்தான் செய்யும் தம்பி. எனக்குத் தெரியும். அந்த எரிச்சலோடேயே போங்கள். அது அடங்கட்டும் என்று காத்திருந்தால் ஒருநாளும் போக மாட்டீர்கள்.

---

அதிகாலைத் துதி | ஓசூர் | சனி, இரவு 8.30

பிரதர், முதல் நாள் உங்களுக்கு நேரக் கணக்கு சொன்னேன். உங்கள் பாரம் என்ன என்று கேட்காமல் சொல்லிவிட்டேன். மன்னியுங்கள்.

நானும் 4 மணிக்கு எழுந்து ஜெபித்துக்கொண்டே என் மைத்துனரோடு 7 வருடம் பேசாமல் இருந்தவன். 1 பேதுரு 3:7ல் ஜெபத்துக்குத் தடை வரும் என்று எழுதியிருப்பது மனைவியை மதிக்காத புருஷனைப் பார்த்து. முழங்காலில் நிற்கிற நேரம் குறைந்ததால் வருகிற தடை என்று அங்கே இல்லை. இது நான் தாமதமாகப் படித்த பாடம்.

நாளை நீங்கள் போவதாக இருந்தால் எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். அந்த நேரம் நான் ஜெபத்தில் இருப்பேன்.

---

மாந்தோப்புக்காரன் | காவேரிப்பட்டணம் பக்கம் | ஞாயிறு, காலை 11.15

ஆராதனை முடிந்து வந்துவிட்டேன். மூன்று மணிக்குப் போகிறேன் ஐயா.

---

மாந்தோப்புக்காரன் | காவேரிப்பட்டணம் பக்கம் | ஞாயிறு, இரவு 9.50

போனேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அண்ணி கதவைத் திறந்தார். "வாங்க" என்றார். ஒன்றரை வருடத்தில் முதல் வார்த்தை. அண்ணன் திண்ணையில் பூச்சிமருந்து ஸ்பிரேயரைக் கழற்றிப் போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று ஒன்றும் வரவில்லை. எலத்தகிரி அண்ணன் கொடுத்த அந்த ஒரு வரியை மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். சகாயஞ்செய்யத் தீவிரியும், சகாயஞ்செய்யத் தீவிரியும்.

கடைசியில் டீச்சர் கேட்ட கேள்வியையே கேட்டேன். "அண்ணா, என்மேல் உங்களுக்கு என்ன வருத்தம்?"

ரொம்ப நேரம் பேசவில்லை. நாசிலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார், "அப்பா கடைசி வாரம் முழுக்க உன்னைக் கேட்டாரு. நீ ஓவர்டைம் போயிட்டிருந்த."

தண்ணீர், பங்கு, தோப்பு எதுவும் இல்லை. எட்டு மாதம் அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டியது அவரும் அண்ணியும். நான் பணம் அனுப்பினேன், அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன். பாலக்கோடு அக்கா, ராத்திரி மூன்று தடவை எழுகிறேன் என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது எனக்கு அண்ணி ஞாபகம் வந்தது. அப்போதே தெரிந்திருக்க வேண்டும். அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேரும் அழுதுவிட்டோம். அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசை. ஆகவில்லை. பூட்டைப் பற்றி நான் கேட்டபோது அண்ணன் முகம் மாறியது, "அதை அப்புறம் பேசலாம்" என்றார். நானும் என் 14 மரத்தை மறக்கவில்லை, அதையும் சொல்லிவிட்டேன். ஆனால் கிளம்பும்போது, "கிணத்துமேட்டுல பாம்பு நடமாட்டம் இருக்கு, போனா டார்ச் எடுத்துட்டுப் போ" என்றார்.

வெளிச்சம் இருக்கும்போதே போய் உட்கார்ந்தேன். பைபிள் எடுத்துப் போகவில்லை. ஜெபம் என்று வார்த்தையாக ஒன்றும் சொல்லவில்லை, "அப்பா" என்று மட்டும் வந்தது. எந்த அப்பாவைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன்.

---

ஒற்றையறை | பாலக்கோடு | திங்கள், காலை 5.30

தம்பி, உங்கள் அண்ணியிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்டதை வாசித்து எனக்காகவே யாரோ கேட்டதுபோல இருந்தது.

டீச்சரம்மா, நேற்று அவரிடம் கேட்டேன். சரி என்றார். நாலு மணிக்குப் போய் ஆலயத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டேன். லுத்தர் ஒன்றும் சொல்ல மாட்டார்தானே? வீட்டுக்கு வந்தால் மாமியார், பேச்சு குழறும் அவருக்கு, "எங்கே போனே?" என்று கேட்டார். கோயிலுக்கு என்றேன். "எனக்கும் சொல்லு" என்றார். ராத்திரி திருப்பிப் படுக்க வைக்கும்போது 23ஆம் சங்கீதம் சொன்னேன். பாதியிலிருந்து அவரும் சேர்ந்துகொண்டார். அவருக்குத் தெரியும் என்று எனக்கு மூன்று வருடமாகத் தெரியாது.

---

அதிகாலைத் துதி | ஓசூர் | திங்கள், காலை 6.10

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

மாந்தோப்பு பிரதர், இந்த வாரம் உங்களுக்கு என்ன ஷிஃப்ட்?

---

மாந்தோப்புக்காரன் | காவேரிப்பட்டணம் பக்கம் | திங்கள், மதியம் 2.20

சி ஷிஃப்ட் ஐயா. ராத்திரி 2 மணிக்கு டீ இடைவேளை, 15 நிமிடம்.

---

அதிகாலைத் துதி | ஓசூர் | திங்கள், மதியம் 2.35

அந்த 15 நிமிடத்தில் டீ குடித்துவிட்டுக் கூப்பிடுங்கள், நம்பர் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். சேர்ந்து 134ஆம் சங்கீதம் வாசிக்கலாம். நான் 4 மணிக்குப் பதிலாக இந்த வாரம் 2 மணிக்கு எழுந்துகொள்கிறேன்.